ஒரு சைதாப்பேட்டை

அந்த இளைஞர் தினமும் தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். இறங்க வேண்டிய இடம் கிண்டி. ஆனால் கண்டக்டரிடம் காசை நீட்டி, "ஒரு சைதாப்பேட்டை" என்பார். அவருக்குத் திக்குவாய், 'கி' வராது. வராது என்று பயந்து சொல்லிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். இரண்டு வருடமாகச் சைதாப்பேட்டைக்கு டிக்கெட் எடுத்துக் கிண்டியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

பேச்சு சிகிச்சை தரும் என்னிடம் இதை அவர் சொன்னது சிகிச்சையின் நான்காவது மாதத்தில். அதுவரை நாங்கள் செய்ததெல்லாம் பேச்சுப் பயிற்சிதான். சொல்லை அவசரமில்லாமல் தொடங்குவது, உதட்டையும் நாக்கையும் அழுத்தாமல் மென்மையாகத் தொடுவது, இப்படி. என் அறையில் ஐந்து நிமிடம் வாசித்தால் ஓரிரு இடத்தில்தான் திக்கும். 'நல்ல முன்னேற்றம்' என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். அந்த டிக்கெட் விஷயம் தெரிந்த அன்று, நான் எழுதிய வரியைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வெளியே அவர் வாழ்க்கை துளியும் மாறவில்லையே.

ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், தாமே திக்குவாய் உள்ளவர், இதைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதில் விழும் திக்கல் மேலே தெரியும் சிறு முனை. பயம், வெட்கம், 'என்னால் மற்றவர்களுக்குத் தொந்தரவு' என்ற நினைப்பு எல்லாம் தண்ணீருக்கு அடியில். வகுப்பில் வாசிக்கும் முறை நெருங்கும்போது பாத்ரூம் போக அனுமதி கேட்கிற பையனும், பூரி சாப்பிட ஆசைப்பட்டுத் தோசை சொல்கிறவரும் அங்கேதான் இருக்கிறார்கள். பூரிக்குத் தோசை என்று மாற்றிக்கொள்ளலாம். சொந்தப் பெயரை எப்படி மாற்றுவது? அதனால்தான் பலருக்கு மிகக் கடினமான சொல் அவர்களுடைய பெயராகவே இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பயத்தால் திக்குவாய் வருவதில்லை. வளர்ப்புச் சரியில்லாததாலும் வருவதில்லை. பரம்பரைக்கும், பேச்சை மூளை இயக்கும் விதத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும், பெரியவர்களில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு நீடிக்கும். நாக்கில் வசம்பு தேய்ப்பதும், வாயில் கூழாங்கல் போட்டுப் பேச வைப்பதும், நாக்குக்கு அடியில் வெட்டிவிடச் சொல்லிக் கேட்பதும் வீண். பயம் திக்கலை உண்டாக்குவதில்லை, ஆனால் ஊதிப் பெரிதாக்கும்.

பாடும்போது திக்காது. கூட்டத்தோடு சேர்ந்து தேவாரம் சொன்னால் திக்காது. தனியாக இருக்கும்போது பெரும்பாலும் திக்காது. இதைப் பார்த்துவிட்டு, "வேணும்னே பண்றான் மேடம்" என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அந்தப் பிள்ளை அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

சரி, அந்த இளைஞரிடம் வருகிறேன். பயிற்சித் தாள்களை மூடிவைத்துவிட்டு, அவர் தவிர்க்கிற சொற்களையும் இடங்களையும் எழுதினோம். இரண்டு பக்கம் வந்தது. அப்பாவையும் அம்மாவையும் வரச் சொன்னேன். இவர் வாய் திறப்பதற்குள் அம்மா வாக்கியத்தை முடித்துவிடுவார். ஃபோன் வந்தால் அப்பா எடுத்துப் பேசிவிடுவார். எல்லாம் பாசத்தால் செய்தது. "அவர் முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள், 'மெதுவா சொல்லு' என்றுகூடச் சொல்லாதீர்கள்" என்றேன். அம்மாவுக்கு அதுதான் மிகவும் சிரமமாக இருந்தது.

அப்புறம் ஒரு நாள் இருவரும் தெருமுனை டீக்கடைக்குப் போனோம். வேண்டுமென்றே திக்கிப் பேசுவதும் ஒரு சிகிச்சை முறை. முதலில் நான் செய்ய வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். "டீ... டீ... டீ ஒண்ணு" என்றேன். எனக்கே காது சூடானது. டீ மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சர்க்கரை கம்மியா?" என்று கேட்டார். அடுத்து இளைஞர் சொன்னார், என்னைவிட நீளமாகத் திக்கினார். டீ வந்தது. கிளாஸைப் பிடித்திருந்த கை கொஞ்சம் நடுங்கியது, ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கிண்டி டிக்கெட் எடுக்க அதற்குப் பிறகும் ஆறு வாரம் ஆனது. நான்கு முறை 'கி' வந்ததாம், பின்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தாராம். அந்த டிக்கெட்டைப் பர்ஸில் வைத்திருக்கிறார். ஃபோனில் தன் பெயரைச் சொல்வது இன்னும் பாக்கி. போன வாரம்தான் அதைத் தொடங்கினோம்.