எத்தனை இன்ச் தூக்கலாம் என்று கேட்பவர்களுக்கு

போன வாரம் என் ஒர்க்ஷாப்புக்கு, சஸ்பென்ஷனில் உயரம் ஏற்றிய ஒரு டிரக் வந்தது. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது, பெரிய டயர், நல்ல உயரம். வேகம் 60-ஐத் தாண்டினால் சீட்டுக்கடியில் ஒரு நடுக்கம் வருகிறது என்பது புகார். இரண்டு முறை வீல் பேலன்ஸ் செய்தாகிவிட்டது, டயரைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டார். நான் டயரைத் தொடவே இல்லை. கீழே படுத்துப் பார்த்தேன். பின் ஆக்சிலுக்கும் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) நடுவில், உயரம் கூட்ட வைக்கும் கட்டையான பிளாக், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. ஆக்சிலுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் பினியனின் மூக்கு ஒரு பக்கம், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒரு பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தன. தூக்கியவர் உயரத்தைக் கொடுத்துவிட்டார். அந்த உயரம் கலைத்துப்போட்ட கோணங்களை யாரும் அளந்து பார்க்கவில்லை.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேரின் முதல் கேள்வி, "எத்தனை இன்ச் ஏத்தலாம்ணா?" நான் திருப்பிக் கேட்பது, "எப்பவும் எவ்வளவு எடை ஏற்றிக்கொண்டு ஓட்டுவீங்க?" பலருக்கு இது எரிச்சலாக இருக்கும், தெரியும். ஆனால் இதற்குப் பதில் தெரியாமல் பட்டை வாங்கக் கூடாது. ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும். அதாவது 6 மிமீ பட்டைக்குப் பதில் அதே நீள அகலத்தில் 8 மிமீ பட்டை போட்டால், விறைப்பு கிட்டத்தட்ட 2.4 மடங்கு. பின்னால் தண்ணீர் டேங்க், கூடாரம், இரண்டாவது ஸ்டெப்னி என்று நிரந்தரமாகச் சுமப்பவருக்கு அந்த விறைப்பு தேவைப்படலாம். காலி வண்டியில் அதையே போட்டால், ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டில் எண்ணிக்கை சொல்லும், சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். ஆஃப்ரோடுக்கு மெல்லிய பட்டைகள் அதிகம் உள்ள செட்தான் எனக்குப் பிடித்தது. தடித்த பட்டை இரண்டு மூன்றை வைத்துக் கட்டிய செட் மலிவாகக் கிடைக்கும், வளைந்து கொடுக்காது.

சரி, தூக்கும் வழிகளுக்கு வருவோம். பிளாக் வைப்பதுதான் எளிது, அதனால்தான் எல்லோரும் வைக்கிறார்கள். பின் ஆக்சிலில் அளவான ஒரே பிளாக், பட்டையை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் சரியான நீளத்தில் என்றால் நான் சண்டை போட மாட்டேன். பிளாக்மேல் பிளாக் அடுக்குவது கூடவே கூடாது. முன் ஆக்சிலில் பிளாக் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்னால் சாய்கிறது, அந்த முறுக்கில் பிளாக் நழுவினால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது.

பின்னாலும் பிளாக்குக்கு ஒரு விலை உண்டு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் முன்னோக்கிச் சுழல, ஆக்சில் ஹவுசிங் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும், பினியன் மூக்கு மேலே எழும்பும், பட்டை எஸ் வடிவத்தில் முறுக்கிக்கொள்ளும். பட்டைக்கும் தரைக்கும் நடுவில் உயரம் கூடக்கூட அந்த நெம்புகோல் நீளமாகிறது. செங்குத்தான ஏற்றத்தில் பின்பக்கம் தவளை மாதிரி குதித்துக் குதித்து ஏறுகிறதே சில வண்டி, அது இந்த முறுக்கு பிடிப்பதும் விடுவதும்தான். அப்படி நாலு முறை குதித்தால் ஷாஃப்டைக் கோணத்தில் சுழலவிடும் யூனிவர்சல் ஜாயிண்டின் சிலுவைத் துண்டு (கிராஸ்) முறிந்தே போகலாம். ஆக்சிலுக்குக் கீழே இருந்த பட்டையை மேலே மாற்றிக் கட்டுபவர்களுக்கு நல்ல உயரம் கிடைக்கும், ஆனால் இந்த முறுக்கும் பலமாக வரும். முறுக்குத் தடுப்புக் கம்பி வைக்காமல் அந்த வேலையை நான் எடுப்பதில்லை.

பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் துண்டுதான் ஷேக்கிள், அதை நீளமாகப் போடுவது இன்னொரு குறுக்குவழி. இதில் பலர் கணக்கில் ஏமாறுகிறார்கள். ஆக்சில் பட்டையின் நடுவில் உட்கார்ந்திருப்பதால், ஷேக்கிளை 2 இன்ச் நீட்டினால் வண்டி 1 இன்ச்தான் எழும்பும். கூடவே பட்டை ஒரு பக்கம் சாய்ந்து ஆக்சிலையும் சுழற்றிவிடும். முன் ஆக்சிலில் இதைச் செய்தால் ஒன்று காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டியரிங் அலைபாயும், அல்லது பினியன் கீழே சாயும். எது என்பது ஷேக்கிள் எந்த முனையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், காசு சேர்த்து உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ற முழு செட் வாங்குங்கள்.

இப்போது அந்த நடுக்கம். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் ஒற்றை ஜாயிண்ட் இருந்தால், கியர்பாக்ஸ் பக்கத்து ஷாஃப்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒரு ஜாயிண்ட் சுழலும் வேகத்தில் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை மற்றது அழித்துவிடும், அவ்வளவுதான் தத்துவம். மேல் முனையில், அதாவது கியர்பாக்ஸ் பக்கம், இரட்டை ஜாயிண்ட் இருந்தால் கதை வேறு, பினியன் நேரே அதை நோக்கிப் பார்க்க வேண்டும். இரண்டிலுமே நிற்கும்போது பினியனை 1 முதல் 2 டிகிரி கீழே வைப்பேன், ஓடும்போது அது தானாக எழும்பிச் சரியாகும் என்பதால். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு வைத்து இந்தக் கோணத்தைத் திருத்தலாம். ஆனால் அலுமினிய ஆப்பு அடிபட்டு நசுங்கி வெளியே வந்துவிடும், இரும்பு போடுங்கள். பட்டை ஆக்சிலுக்கு மேலே இருந்தால் ஆப்பின் தடித்த பக்கம் எந்தப் பக்கமோ, கீழே இருந்தால் அதற்கு நேர் எதிர். தலைகீழாக வைத்துக் கோணத்தை இன்னும் கெடுத்துக்கொண்டு வந்த வண்டிகள் எனக்கு மாதம் ஒன்று வரும்.

வந்த அந்த டிரக்கில் நடுக்கத்தைவிட என்னைப் பயமுறுத்தியது பிரேக். சில டிரக்குகளில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு கம்பி, அதன் முனையில் ஒரு வால்வு இருக்கும். சுமை ஏறி பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும், காலியாக இருந்தால் குறைக்கும். வண்டியைத் தூக்கியதும் அது 'காலி வண்டி' என்று நினைத்துக்கொள்கிறது. நீங்கள் முழுச் சுமையோடு இறக்கத்தில் வருகிறீர்கள், பின் பிரேக் பாதி தூக்கத்தில் இருக்கிறது. தூக்கிய அளவுக்கு அந்தப் பிராக்கெட்டையும் மாற்ற வேண்டும். அரைமணி நேர வேலை, செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

பிரேக் ஹோஸும் அப்படியே. நின்ற நிலையில் தளர்வாகத் தெரியும். ஒரு சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி, மறுபக்கச் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பாருங்கள், வீணைத் தந்தி மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும். அதே நேரத்தில் ஷாக் அப்சார்பரையும் அளந்துவிடுங்கள். தொங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு நிற்கக் கூடாது, ஆக்சில் மேலே ஏறி பம்ப் ஸ்டாப்பரில் (அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர்) மோதும்போது ஷாக் அடிமுட்டியிருக்கக் கூடாது. பெரிய டயர் போட்டவர்கள் ஸ்டாப்பரையும் இறக்கியே ஆக வேண்டும்.

கடைசியாக இறுக்கும் வேலை. பட்டையின் முனை வளையத்தில் போகும் கண் போல்ட்டுகளையும் ஷேக்கிள் போல்ட்டுகளையும் வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்காதீர்கள். ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், இறக்கியதும் முறுகிக் கொஞ்ச நாளில் கிழியும். சக்கரம் தரையில் நின்று, வழக்கமான சுமையும் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. யூ போல்ட் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும், கழற்றியதைத் திரும்பப் போடவே வேண்டாம். பட்டைகளின் நடுத்துளையில் போகும் சென்டர் போல்ட்தான் ஆக்சிலைப் பிடித்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது இடம் காட்டத்தான். பிடிப்பதெல்லாம் யூ போல்ட். அது தளர்ந்தால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஆக்சில் நகரும், அல்லது பட்டை அந்தத் துளையிலேயே முறியும். முறிந்த பட்டையைக் கொண்டுவந்து வெல்டிங் வைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. சூடு பட்டால் அது ஸ்பிரிங் இல்லை, வெறும் இரும்பு.

அந்த டிரக்கில் இரண்டு பிளாக்கையும் கழற்றி, அவர் சுமக்கும் எடைக்கு ஏற்ற செட் போட்டு, புது யூ போல்ட்டுகளை இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் குறுக்கு வரிசையில் இறுக்கி அனுப்பினேன். முன்பு இருந்ததைவிட 1 இன்ச் உயரம் குறைவு, அதில் அவருக்கு வருத்தம்தான். 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்ப வரச் சொல்லியிருந்தேன், நேற்று வந்தார். நடுக்கம் இல்லை என்றார். ரெஞ்ச்சை வைத்தேன், எட்டு நட்டுகளில் ஐந்து இன்னும் கால் சுற்று உள்ளே போயின.