அட்வகசி என்றால் பரிந்துரையா?

தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளைத் தமிழில் படிக்கும்போதெல்லாம் 'பரிந்துரை' குறுக்கே வந்து நிற்கிறது. 'பரிந்துரைப் பணியில் நீண்ட அனுபவம் உள்ளவர்', 'பரிந்துரைப் பிரிவின் தலைவர்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். படிப்பவருக்கு என்ன புரியும்? யாருக்கோ வேலைக்குச் சிபாரிசு செய்பவர் என்றுதான் புரியும். ஆங்கில மூலத்தில் இருந்த சொல் அட்வகசி (advocacy).

அது லத்தீன் வழி வந்தது. 'வொகாரே' என்றால் அழைத்தல். இக்கட்டில் இருப்பவர் துணைக்கு அழைக்க, பக்கத்தில் வந்து நின்று பேசுபவர் 'அட்வொகாத்துஸ்'. வழக்கறிஞரைக் குறிக்கும் அட்வகேட்டும் அதே வேர்தான். தொண்டு நிறுவனங்கள் சொல்லும் அட்வகசி, சட்டமும் அரசின் கொள்கையும் மாற வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் நின்று விடாமல் பேசுவது.

சரி, பரிந்துரையில் என்ன தப்பு? பிரித்துப் பார்த்தால் தப்பே இல்லை, பரிந்து உரைப்பது. ஆனால் ஒரு சொல் பிறந்த விதத்தைவிட இன்று அது மக்கள் வாயில் எப்படிப் புழங்குகிறது என்பதே எனக்குப் பெரிது. ஊதியக் குழு பரிந்துரைக்கிறது. மருத்துவர் மாத்திரை பரிந்துரைக்கிறார். எம்.எல்.ஏ.விடம் பரிந்துரைக் கடிதம் வாங்குகிறோம். எல்லாவற்றிலும் பரிந்துரைப்பவர் கையில் ஓர் அதிகாரம் இருக்கிறது. சொன்னதோடு அவர் வேலையும் முடிந்துவிடுகிறது. அட்வகசியோ அதிகாரம் இல்லாதவர்களின் வேலை. காரியம் நடக்கும்வரை ஓயாது.

இதைவிடப் பெரிய குறை, உள்ளே இருக்கும் 'பரிவு'. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடிய அமெரிக்காவின் ஜூடித் ஹியூமனை எடுத்துக்கொள்வோம். கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ வந்தது. ஐந்து வயதில், சக்கர நாற்காலி இருப்பதால் தீ விபத்து நேர்ந்தால் ஆபத்து என்று சொல்லிப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். பின்னால் நியூயார்க்கில் ஆசிரியர் உரிமம் தரவும் மறுத்தார்கள். 1970இல் வழக்குப் போட்டு ஆசிரியரானார். அரசு நிதி பெறும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்று 1973இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதற்கான விதிகள் கையெழுத்தாகாமல் கிடந்தன. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் சுகாதார, கல்வி, நலத் துறை அலுவலகத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் போய் உட்கார்ந்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் நகரவில்லை. ஏப்ரல் 28 அன்று கையெழுத்தானது. முன்நின்று நடத்தியவர்களில் ஹியூமனும் ஒருவர். பின்னாளில் அவரே கல்வித் துறையின் உதவிச் செயலரானார். அந்த உள்ளிருப்பில் யாரும் யாருடைய பரிவையும் கேட்கவில்லை, தங்களுக்காகத் தாங்களே பேசினார்கள். இதைப் 'பரிந்துரைப் பணி' என்று எழுத எப்படி மனம் வருகிறது?

'வக்காலத்து' பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் அரபியிலிருந்து வந்த அந்தச் சொல் நம் பேச்சில் கெட்டுப்போய்விட்டது. 'அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குற?' என்றால் அது திட்டுதான். 'பரப்புரை'யைத் தேர்தல் எடுத்துக்கொண்டது.

தேடி அலையவே வேண்டாம், 'குரல் கொடுத்தல்' நம் வாயிலேயே இருக்கிறது. 'ஏதாவது வேணும்னா ஒரு குரல் கொடு, வந்துடறேன்' என்கிறோம். 'தூய்மைப் பணியாளர்களுக்காகக் குரல் கொடுத்தார்' என்றும் சொல்கிறோம். துணைக்கு அழைப்பதும் துணையாக நின்று பேசுவதும் ஒரே தொடரில் வந்துவிடுகின்றன. லத்தீன் வேரில் இருப்பதும் இதேதான். பெயர்ச்சொல்லாக வேண்டுமா? 'உரிமைக்குரல்' என்று வைத்துக்கொள்ளலாம். உரிமைக்குரல் பிரிவு, உரிமைக்குரல் பணி. ஹியூமன் செய்ததைத் தனக்காகத் தானே குரல் கொடுத்தல் என்று தயங்காமல் எழுதலாம். தன்னைத் தானே பரிந்துரைத்தல் என்றால் தற்புகழ்ச்சியாகிவிடும்.

அப்புறம், ஆங்கிலத்தின் 'human services' என்பதை அப்படியே பெயர்த்த 'மனித சேவை'. மேலே சொன்ன அமெரிக்கச் சுகாதார, கல்வி, நலத் துறை 1980இல் கல்வியைப் பிரித்துவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டது. நம் செய்தித்தாள்களில் அது 'சுகாதாரம் மற்றும் மனித சேவைகள் துறை'. முதியோர், குழந்தைகள், வறிய குடும்பங்கள் ஆகியோருக்கான வேலைகளை நாம் சமூக நலம் என்றுதானே சொல்கிறோம்? தமிழ்நாட்டு அரசிலேயே அந்தப் பெயரில் துறை இருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்குமுன் அந்த வேலையை நம்மூரில் யார் செய்கிறார்கள், அவர்களை எப்படி அழைக்கிறோம் என்று பார்ப்பதில்லை. அதனால்தான் 'மனித சேவைத் தலைமைத்துவத்திலும் லாபநோக்கற்ற பரிந்துரையிலும் பணியாற்றியவர்' என்று ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு அச்சாகிறது. 'சமூக நலப் பணிகளுக்குத் தலைமை ஏற்றவர், தொண்டு நிறுவனங்கள் வழியாக மக்களின் உரிமைக்குக் குரல் கொடுத்தவர்' என்று எழுதினால் அவர் என்ன செய்தார் என்பது எல்லோருக்கும் புரியும்.