அறுபத்தோராவது குழந்தை

காங்கேயம் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் 60 பேர் படிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர்கள் 2 பேர். இன்னும் ஒரே ஒரு குழந்தை சேர்ந்தால் 3 பேர். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை அப்படித்தான் சொல்கிறது: 60 வரை 2, 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. எண்ணிக்கை 150ஐத் தாண்டினால் தலைமையாசிரியர் ஒருவர் கூடுதல். 200க்கு மேல் போனால், தலைமையாசிரியர் நீங்கலாக ஓர் ஆசிரியருக்கு 40 பேருக்கு மிகக்கூடாது. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 35 பேருக்கு ஒருவர்.

'முப்பதுக்கு ஒருவர்' என்று எல்லோரும் வாய்ப்பாடாகச் சொல்வதில் இந்தப் படிக்கட்டு மறைந்துபோகிறது. செலவும் படிப்படியாகத்தான் ஏறுகிறது. தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.20,600. அகவிலைப்படியை 50 விழுக்காடு என்று கணக்குக்கு வைத்தால் மாதம் 30,900, ஆண்டுக்கு 3,70,800. 60 பேர் பள்ளியில் ஒரு குழந்தைக்கு ஆகும் ஊதியச் செலவு 12,360 ரூபாய். 61ஆவது குழந்தை வந்ததும் அது 18,236 ஆகிறது. 90 பேர் சேர்ந்த பிறகுதான் மறுபடி 12,360க்கு இறங்கும். இருபதே பேர் படிக்கும் பள்ளியில் 37,080. இதெல்லாம் புதிதாகச் சேர்ந்தவரின் சம்பளத்தில் போட்ட கணக்கு. ஆண்டுக்கு 3 விழுக்காடு ஊதிய உயர்வும், 10 ஆண்டில் தேர்வு நிலை, 20 ஆண்டில் சிறப்பு நிலை என்ற ஊதியப் படிகளும் சேர்ந்துகொள்ளும். மூத்தவர்கள் மிகுந்த ஒன்றியத்தில் அதே எண்ணிக்கை ஆசிரியர்களுக்குச் செலவு கணிசமாகக் கூடும்.

விகிதம் சரியாக இருந்தால் வகுப்பறையும் சரியாக இருக்கும் என்பதில்லை. 2 ஆசிரியர், 5 வகுப்பு. ஒருவர் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை பார்ப்பார், மற்றவர் 4, 5. தலைமையாசிரியர் பொறுப்பும் அந்த இருவரில் ஒருவர் தலையில். ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் (2021 முதல் 12 மாதம்) பள்ளியின் பாதிப் பலம் ஓராண்டுக்கு இல்லை. சின்னப் பள்ளிக்கு அட்டவணை தாராளம் காட்டுவது போலத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால்தான் நெருக்கடி புரியும்.

எண்ணுவது எப்போது? ஆகஸ்ட் 1. ஜூனில் சேர்க்கை, எமிஸ் என்னும் கல்வித்துறையின் மாணவர் விவரத் தளத்தில் பதிவு, ஆகஸ்ட் முதல் நாளன்று பதிவில் உள்ள எண்ணிக்கையே பணியாளர் நிர்ணயத்துக்கு, அதாவது எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்வதற்கு, அடிப்படை. வட்டாரக் கல்வி அலுவலர் தொகுத்து, மாவட்டக் கல்வி அலுவலர் சரிபார்த்து, இயக்ககத்துக்குப் போகும். அங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் 'உபரி', 'தேவை' என்று இரண்டு பட்டியல். உபரி உள்ள இடத்தில் பொதுவாகப் பணியில் இளையவர் கிளம்ப வேண்டும். அப்படி உபரி ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றுவதுதான் பணி நிரவல்; அதற்கு ஒரு கலந்தாய்வு. ஆளே இல்லாமல் காலியாக இருக்கும் உபரிப் பணியிடத்தை இயக்குநரின் பொதுத்தொகுப்புக்கு எடுத்துக்கொள்வார்கள். ஊர்க்காரர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மாறுதலில் ஓர் ஆசிரியர் போனார், பதில் ஆள் வரும் என்று காத்திருப்பார்கள், பணியிடமே போயிருக்கும்.

கொங்கு வட்டாரத்தில் இந்த ஒற்றை நாள் கணக்கு அடிக்கடி பொய்க்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிக் குடும்பங்கள் ஆண்டு முழுக்க வந்துபோகின்றன. சத் பூஜைக்கு ஊர் போய்த் திரும்பும் பீகார் குடும்பம் நவம்பரில் பிள்ளையைச் சேர்த்தால், அந்த ஆண்டுக் கணக்கில் அது இல்லை. எதிர்த்திசையில், கடம்பூர் மலையிலிருந்து கரும்பு வெட்டப் போகும் குடும்பத்தின் பிள்ளைகள் ஆகஸ்டில் பெயரில் இருப்பார்கள், ஜனவரியில் வகுப்பில் இருக்க மாட்டார்கள். தாளவாடியில் கன்னட வழி வகுப்புகளும் உண்டு. ஒரே வளாகத்தில் மொத்த எண்ணிக்கை போதுமானதாக இருந்தாலும், கன்னடம் கற்பிக்கத் தெரியாத ஒருவரை நிரவலில் அனுப்பி என்ன பயன்?

உயர்நிலைப் பள்ளியில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கும். 6 முதல் 10 வரை வகுப்புக்கு ஒரு பிரிவு, வாரம் தலா 6 கணக்குப் பாடவேளை என்றால் 30. ஒரு கணக்கு ஆசிரியர் சமாளிக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் கூட்டம் கூடி இரண்டாகப் பிரித்தால் 36. அந்த 6 பாடவேளைக்காக இன்னொரு பட்டதாரி ஆசிரியரா? அடிப்படை ஊதியமே 36,400. அதுவும் கணக்குக்கு மட்டும் அல்ல. ஐந்து பாடத்திலும் இதே சிக்கல். அதனால் பிரிவைப் பிரிக்கும் முடிவு தள்ளிப்போகிறது, ஒரே அறையில் 55 பேர் உட்காருகிறார்கள். மாவட்டச் சராசரியைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. சமூக அறிவியலில் இருவர் உபரி, கணக்கில் ஒருவர் தேவை என்பதும் அந்தச் சராசரிக்குள் தெரியாது.

இடைவெளியை அடைக்கப் பள்ளி மேலாண்மைக் குழு வழியே தற்காலிக ஆசிரியர்களைத் தொகுப்பூதியத்தில் எடுக்கும் முறை 2022இல் வந்தது. முதலில் இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000; பிறகு 12,000, 15,000, 18,000 ஆக உயர்த்தினார்கள். நிரந்தர ஆசிரியர் செலவோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. நிதித்துறைக்கு இனிக்கும் கணக்கு இது. நல்ல வேலை கிடைத்ததும் அவர் நடு ஆண்டில் போய்விட்டால் குறை சொல்ல முடியாது.

ஒரு பள்ளியால் தன் கையில் செய்யக்கூடியது எமிஸ் பதிவுதான். வேறு பள்ளியிலிருந்து வந்த பிள்ளையைப் பழைய பள்ளி எமிஸ் தளத்தின் 'மாணவர் பொதுத்தொகுப்பு'க்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பெயரில் ஏற்ற முடியும். தன் எண்ணிக்கை குறையுமே என்று பழைய பள்ளி இழுத்தடித்தால், பிள்ளை இங்கே உட்கார்ந்திருக்க, கணக்கு அங்கே நிற்கும். வெளிமாநிலப் பிள்ளைக்கு எமிஸ் எண்ணே இருக்காது. புதிதாகப் பதிய வேண்டும். ஆகவே ஜூலை இரண்டாம் வாரத்திலேயே வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராக ஒப்பிட வேண்டும். விடுவிக்காத பெயர்களைக் கடிதமாக எழுதி வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும். 59, 60, 89, 90 என்று படியின் ஓரத்தில் நிற்கும் பள்ளிகளுக்கு இது ஓர் ஆசிரியரின் விலை.