விமானத்தின் வயிற்றில் ஒரு படி

குழாயை மெல்லிய தாரையாகத் திறந்துவிடுங்கள். ஒரு கரண்டிக் காம்பின் நுனியை இரண்டு விரலால் தளரப் பிடித்து, அதன் குவிந்த முதுகை அந்தத் தாரையில் லேசாகத் தொடவையுங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. கரண்டி தாரைக்குள் இழுபடும், விலக்கினாலும் ஒட்டிக்கொண்டு வரும். வளைந்த பரப்பைத் தழுவி ஓடும் நீர் அந்தப் பரப்பைத் தன் பக்கம் இழுக்கிறது.

இப்போது அந்தக் கரண்டி 37 டன் எடையுள்ள ஒரு விமானம் என்று வைத்துக்கொள்வோம். 1939இல் நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து பயணிகளைக் கொண்டுபோன போயிங் 314 அவ்வளவு எடை. உள்ளே படுக்கை வசதி, தனிச் சாப்பாட்டு அறை எல்லாம் உண்டு. சக்கரத்தில் ஓடி எழுவதுதான் கிடையாது. தண்ணீரில் மிதந்து, தண்ணீரிலேயே ஓடி, அங்கிருந்தே மேலே கிளம்ப வேண்டும். அதாவது, பறப்பதற்கு முன்னால் தண்ணீரிடமிருந்து தன்னைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

எதற்கு இந்த வம்பு, தரையிலேயே ஓடியிருக்கலாமே? அன்றைய விமான நிலையங்கள் பல வெறும் புல்தரை. பெருங்கடலைத் தாண்ட டன் கணக்கில் பெட்ரோல் வேண்டும். எடை கூடினால் மேலெழத் தேவையான வேகமும் கூடும், ஓடும் தூரமும் நீளும். அவ்வளவு நீளமான, உறுதியான ஓடுபாதை வெகுசில ஊர்களில்தான் இருந்தது. துறைமுகமோ ஏரியோ இருந்தால் ஓடுபாதை இலவசம். 1935 நவம்பரில் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் ‘சைனா கிளிப்பர்’ சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து கிளம்பி, ஹொனலுலு, மிட்வே, வேக், குவாம் என்று தீவு தீவாகத் தாவி ஒரு வாரத்தில் மணிலா போய்ச் சேர்ந்தது. முதல் நடையில் தபால் மட்டும்தான். பயணிகள் அடுத்த ஆண்டு ஏறினார்கள். எஞ்சின் நின்றால் கடலில் இறங்கிக்கொள்ளலாம் என்ற தைரியமும் ஒரு காரணம் என்பார்கள். ஆளுயர அலைக்கு நடுவே அந்தத் தைரியம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது வேறு விஷயம்.

சரி, தண்ணீரின் பிடிக்கு வருவோம். அமெரிக்காவின் கிளென் கர்ட்டிஸ் 1912இல் படகு போன்ற உடல் கொண்ட விமானத்தைச் செய்தபோது, அது நீரில் ஓடியதே தவிர எழ மறுத்தது. அடிப்பாகத்தில் தண்ணீர் ஒட்டிக்கொண்டே வந்தது. அவர் கண்ட வைத்தியம் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது: படகின் அடியில், நடுப்பகுதியில், குறுக்காக ஒரு படி. முன்பக்கத்திலிருந்து வழவழவென்று வரும் அடித்தளம் அந்த இடத்தில் சட்டென்று சில அங்குலம் மேலே ஏறிவிடும்.

இந்தப் படியின் வேலை நம் வீட்டு டம்ளருக்கு நன்றாகத் தெரியும். உருண்டையான வாய் கொண்ட பாத்திரத்தில் காபியை மெதுவாக ஊற்றினால் பாதி வெளிச்சுவரில் வழியும். வெளியே மடிந்த விளிம்புள்ள டம்ளரில் ஊற்றினால் ‘சர்’ரென்று டபராவில் விழும். கூர்மையான விளிம்பில் நீரால் திரும்ப முடியாது, அங்கேயே அறுந்துவிடும். விமானத்தின் படியிலும் அதேதான். நீர் விளிம்போடு அறுந்துவிட, படிக்குப் பின்னால் உண்டாகும் இடைவெளியில் காற்று புகுந்துகொள்ளும். பின்பாதி வயிறு முழுக்க விடுதலை.

ஆனால் அந்த நிலைக்கு வந்து சேர்வதுதான் பெரும்பாடு. கிளம்பியதும் விமானம் சாதாரணப் படகு மாதிரி தண்ணீரை உழுதுகொண்டு போகும். வேகம் ஏற ஏற மூக்கு தூக்கும், எதிர்ப்பும் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது உச்சம் தொடும். அதைத் தாண்ட எஞ்சினுக்குச் சக்தி இல்லையென்றால், எத்தனை மைல் ஓடினாலும் நல்ல படகாக ஓடலாம், அவ்வளவுதான். தாண்டிவிட்டால், குளத்தில் தத்தவிட்ட ஓட்டாஞ்சில்லு மாதிரி விமானம் நீரின் மேற்பரப்பில் வழுக்க ஆரம்பிக்கும். எதிர்ப்பு மளமளவென்று குறையும், எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கை வாங்கிக்கொள்ளும். கடைசியில் விமானி மூக்கை நிமிர்த்தும்போது வால் தண்ணீரில் இடிக்காமல் இருப்பதும் படிக்குப் பின்னால் அடிப்பாகம் மேல்நோக்கிச் சரிந்திருப்பதால்தான்.

இதில் ஒரு வேடிக்கை, கண்ணாடி போல அசையாத நீர் விமானிக்கு ஆகாது. படிக்குப் பின்னால் காற்று நுழைய சின்ன அலைகள் உதவும். அவை இல்லாத நாட்களில் ஒரு மோட்டார் படகை முன்னால் ஓடவிட்டு நீரைக் கலக்கிவிடுவார்கள்.

இந்தப் போராட்டத்தின் உச்சம் என்று நான் சொல்வது ஆடம்பரக் கிளிப்பர்களை அல்ல, இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்கு வந்த கேட்டலினா ரகப் பறக்கும் படகுகளை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான விமானப் பாதை அறுந்தது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனம் கேட்டலினாக்களை வைத்து அந்நாட்டின் பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து கொக்கலவுக்கு நேராகப் பறக்கத் தொடங்கியது. சுமார் 5,600 கிலோமீட்டர், நடுவில் எங்கும் நிற்காமல். வேகமோ மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில்தான். பெட்ரோல் மட்டுமே கிட்டத்தட்ட 9,000 லிட்டர். அதற்கு இடம் கொடுக்க, பனி உறைவதைத் தடுக்கும் கருவிகளைக்கூடக் கழற்றிவிட்டார்கள். இவ்வளவுக்கும் மிஞ்சியது மூன்று பயணிகள், 69 கிலோ தபால்.

ஜப்பானிய விமானங்கள் நடமாடும் பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் குறித்தார்கள். ரேடியோவில் பேசக் கூடாது. வழி காட்ட விண்மீன்கள்தான். குறித்த நொடியில் ஒரு விண்மீன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று அளந்தால், வரைபடத்தில் ஒரு கோடு கிடைக்கும். விமானம் அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறது. இன்னொரு விண்மீனை அளந்தால் இரண்டாவது கோடு, இரண்டும் வெட்டும் இடத்தில் நீங்கள். இந்தப் பாதையில் ஓடிய ஐந்து கேட்டலினாக்களுக்கும் விண்மீன்களின் பெயரையே வைத்திருந்தார்கள்: ஆல்டெயர், வேகா, ரைஜெல், அன்டாரிஸ், ஸ்பைக்கா. நம் வழக்கில் திருவோணம், அபிஜித், கேட்டை, சித்திரை என்றால் ரைஜெல் தவிர மற்ற நான்கும் வந்துவிடும்.

பயணம் 27 முதல் 33 மணி நேரம் வரை நீண்டது. ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்தவர்களுக்கு ‘இரட்டைச் சூரியோதய ரகசிய சங்கம்’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள். 1945 வரை 271 முறை கடந்தார்கள். ஒரு விமானம்கூடத் தொலையவில்லை.

அப்புறம் போர் முடிந்தது. போருக்காக உலகமெங்கும் போட்ட நீண்ட ஓடுபாதைகள் அப்படியே கிடந்தன. தரை விமானத்துக்கு உப்புநீர் அரிப்பு இல்லை, பருத்த படகு வயிறு இல்லை. அந்தப் படி நீரில் எவ்வளவு உதவியதோ, ஆகாயத்தில் அவ்வளவு தொல்லை. அதன் பின்னால் சுழலும் காற்று விமானத்தை ஓயாமல் பின்னுக்கு இழுக்கும். சில ஆண்டுகளில் பறக்கும் படகுகள் பெரிய வழித்தடங்களை விட்டு விலகின.

கேட்டலினாக்கள் அமெரிக்காவிடம் போர்க்கால ஒப்பந்தத்தில் வாங்கியவை. போருக்குப் பின் வைத்துக்கொண்டு ஓட்ட அந்த ஒப்பந்தம் இடம் தரவில்லை. ஐந்தில் நான்கை பெர்த்துக்கு எதிரே, ராட்னெஸ்ட் தீவுக்கு அப்பால் கொண்டுபோய்க் கடலில் மூழ்கடித்தார்கள்.