ரீமினரலைசேஷன்: சொத்தை எந்தக் கட்டம் வரை ஆறும்?

பல்லில் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு திட்டு தெரிகிறது, பல் மருத்துவர் "இப்போதைக்குத் தோண்ட வேண்டாம், ரீமினரலைசேஷன் ஆகட்டும்" என்கிறார். அப்படியென்றால் என்ன?

சொல்லைப் பிரித்துவிடலாம். 'ரீ' என்பது மீண்டும் என்று பொருள் தரும் லத்தீன் முன்னொட்டு. 'மினரல்' வந்தது, சுரங்கத்தையும் அதில் கிடைக்கும் தாதுக்கல்லையும் குறித்த 'மினரா'விலிருந்து. நம் கனிமமும் கிட்டத்தட்ட அதே வழிதான், சுரங்கத்தைக் குறிக்கும் 'கனி' என்ற வடசொல்லிலிருந்து வந்தது, பழத்துக்கும் இதற்கும் உறவில்லை.

பல்லின் மேலுறையான எனாமல், அதாவது பற்சிப்பி, எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் படிகங்கள். இனிப்போ பிஸ்கட்டோ சாப்பிட்டதும் பல்லில் படிந்திருக்கும் பாக்டீரியா அதை அமிலமாக்குகிறது, அமிலம் கூடக்கூடக் குறையும் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் படிகங்கள் கரையத் தொடங்கும். இதுதான் டீமினரலைசேஷன். அப்புறம் எச்சில் வந்து அமிலத்தைத் தணித்து, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கும். இதுதான் ரீமினரலைசேஷன். கூடவே ஃப்ளூரைடும் இருந்தால் அது வேகமாக நடக்கும், புதிதாகப் படிவதும் அமிலத்தை முன்பைவிட அதிகம் தாங்கும். இந்தப் போக்குவரத்து நம் வாயில் தினமும் பல தடவை நடக்கிறது. இடைவிடாமல் கொறிப்பவருக்குச் சொத்தை சீக்கிரம் வருவது இதனால்தான், எச்சிலுக்கு வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை.

தமிழில் மறுகனிமமாக்கம், மீள்கனிமமாக்கல் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு 'மீள்கனிமமேற்றம்' சரியாகப் படுகிறது. 'ஆக்கம்' என்றால் ஏதோ ஒன்று முழுதாகக் கனிமமாக மாறுவது போல ஒலிக்கிறது, இங்கே நடப்பதோ இருக்கிற படிகத்தில் இழந்த சத்து திரும்ப ஏறுவது. எதிர்ச்சொல்லுக்குக் 'கனிம இழப்பு' போதும். தமிழ்நாட்டில் உணவைப் பற்றிப் பேசும்போது தாது உப்பு என்கிறோம், இலங்கையில் கனியுப்பு. ஆனால் சித்த மருத்துவத்தில் ஏழு உடல் தாதுக்கள் இருப்பதால், இந்த இடத்தில் 'தாது' குழப்பும்.

இந்தச் சொல்லை வைத்துத்தான் சொத்தைக் குழி தானாக மூடிவிடும் என்று பரப்புகிறார்கள், அது தவறு. பற்சிப்பியை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன, அதனால் அது மறுபடி வளராது. சொத்தையின் தொடக்கமான, மேற்பரப்பு உடையாத வெள்ளைத் திட்டு வரைதான் மீள்கனிமமேற்றம் பலிக்கும். குழி விழுந்துவிட்டால் கிராம்பு எண்ணெய் வலியை மரக்கச் செய்யும், உள்ளே சொத்தை பாட்டுக்கு ஆழமாகப் போய்க்கொண்டிருக்கும். வலி நின்றதை நம்பிக் குழந்தைகளுக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

குழி விழுந்த பிறகும் தோண்டாமல் ஒரு வழி உண்டு, சில்வர் டையமைன் ஃப்ளூரைடு. பெரும்பாலும் 38 சதவீதக் கரைசலைச் சொத்தையில் தடவுவார்கள். வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும், ஃப்ளூரைடு மிச்சப் பல்லை இறுக்கும், சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். உலக சுகாதார அமைப்பு 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. பயந்து அழும் சின்னப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி, ஆனால் குழி அப்படியேதான் இருக்கும். ஆகவே இதைச் 'சொத்தை நிறுத்தம்' என்றால் பொருந்தும்.

வெள்ளைத் திட்டு இருப்பவர்கள் பேஸ்ட் டப்பாவில் ஃப்ளூரைடு 1000 பி.பி.எம்.-க்குக் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள், துலக்கியதும் நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விடுங்கள்.