சட்டியைச் சரித்தாலும் சரியாத தயிர்

மட்டக்களப்பில் எருமைத் தயிர் வாங்கும்போது சட்டியை லேசாகச் சரித்துப் பார்ப்பவர்கள் உண்டு. உள்ளே அசைவு தெரிந்தால் முகம் சுருங்கிவிடும். அந்தக் கட்டி எப்படி வருகிறது?

முதற்காரணம் பால்தான். பசும்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4 சதவீதம், எருமைப்பாலில் 7, 8 வரை போகும். கேசீன் என்ற புரதமும் அதில் கூடுதல். கேசீன் பாலில் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கும். எல்லா உருண்டைகளிலும் ஒரேவகை மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று ஒட்டவிடாது. உறைமோரில் இருக்கும் பற்றீரியாக்கள் பாலிலுள்ள லக்டோஸ் சர்க்கரையைத் தின்று லக்டிக் அமிலத்தை விடுகின்றன. புளிப்பு ஏற ஏறக் குறையும் பீஎச் அளவு 4.6க்கு இறங்கும்போது அந்த மின்னேற்றம் அடங்கிவிடும். உருண்டைகள் ஒட்டி வலையாகின்றன. நீரும் கொழுப்பும் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்கின்றன.

பாலை நன்றாகக் காய்ச்சுவது கிருமிக்காக மட்டுமல்ல. சூட்டில், பாலிலுள்ள மற்றப் புரதங்களான மோர்ப்புரதங்கள் உருக்குலைந்து கேசீனோடு ஒட்டி, வலையை இறுக்குகின்றன. பிறகு இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டே உறை ஊற்ற வேண்டும், கொதிக்கும் பாலில் ஊற்றினால் பற்றீரியா செத்துவிடும். மண்சட்டியும் சும்மா இருப்பதில்லை. அதன் நுண்துளைகள் கொஞ்சம் நீரை உறிஞ்சுவதால் தயிர் இன்னும் இறுகுகிறது. பிளாஸ்டிக் கோப்பையில் இது நடக்காது.

பால் குடித்தால் வயிறு ஊதுகிறது என்பவர்களுக்குத் தயிர் ஒத்துப்போவதும் இதே பற்றீரியாவால்தான். லக்டோஸைச் செரிக்கும் நொதி நம்மில் பலருக்கு வளர்ந்தபின் குறைந்துவிடும். தயிரில் அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதி ஏற்கெனவே தீர்ந்திருக்கும். உயிரோடிருக்கும் பற்றீரியா குடலுக்குள்ளும் கைகொடுக்கும். பால் ஒவ்வாமை வேறு விடயம், அது உள்ளவர்களுக்குத் தயிரும் ஆகாது.

சத்து என்று பார்த்தால், 100 கிராம் எருமைப்பாலில் ஏறக்குறைய 170 மில்லிகிராம் கல்சியம் உண்டு. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1000 மில்லிகிராம் அளவு. நல்ல புரதமும் பி12 விற்றமினும் கூடவே வருகின்றன. ஆனால் கொழுப்பில் பெரும்பகுதி, இரத்தத்தில் கொலஸ்ட்ரோலை ஏற்றும் நிறைகொழுப்பு. கொலஸ்ட்ரோல் உள்ளவர்கள் சிறு கிண்ணத்தோடு நிறுத்துவது நல்லது. நீரிழிவுக்காரருக்குத் தயிரைவிட அதன்மேல் அள்ளிக் கொட்டும் சீனிதான் வில்லன் என்பேன்.

தயிரில் இரும்பும் நார்ச்சத்தும் இல்லையென்றே சொல்லலாம். அவற்றுக்குக் கீரையும் மீனும் பருப்பும் வேண்டும். இன்னொன்று, கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தயிர்ச்சோற்றோடு விழுங்காதீர்கள். கல்சியம் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும். இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.