கூலன்ட் மாற்றினால் முள் இறங்குமா?

இன்ஜின் சூடாகிறது என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது, கூலன்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே சுற்றும் திரவத்தை, மாற்றிப் பார்க்கலாமா, இல்லை அதில் ஏதாவது ஊற்றலாமா என்பதுதான். சூட்டைக் குறைக்கும் என்று சொல்லி விற்கும் டப்பாக்களுக்கும் பஞ்சமில்லை. நானும் ஒருமுறை ஒன்றை வாங்கி ஊற்றிவிட்டு, ஒரு வாரம் டாஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். இம்மியும் அசையவில்லை. டப்பாவில் இருந்தது போலிச் சரக்கு இல்லை. முள் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது தெர்மோஸ்டாட் என்பது எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு சின்னக் குப்பியும் அதோடு சேர்ந்த வால்வும்தான். இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வு மூடியிருக்கும். கூலன்ட், காற்றுபட்டு ஆறும் இடமான ரேடியேட்டர் பக்கம் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். பெரும்பாலான கார்களில் 80-க்கும் 95-க்கும் இடையில் ஏதோ ஒரு டிகிரியில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். இப்போது நீங்கள் இன்னும் நன்றாக வெப்பத்தைக் கடத்தும் திரவத்தை ஊற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூலன்ட் கொஞ்சம் கூடுதலாக ஆறும். உடனே மெழுகு சுருங்கி வால்வைச் சற்று மூடிவிடும். சூடு பழைய இடத்துக்கே வந்துவிடும். போதாததற்கு, இன்றைய கார்களில் முள்ளும் அத்தனை நேர்மையானதில்லை. கூலன்ட் சில டிகிரி ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி பல நிறுவனங்கள் அமைத்துவிடுகின்றன.

அப்படியானால் கூலன்டின் தரத்துக்கு வேலை எப்போது? வால்வு முழுதாகத் திறந்த பிறகும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்கும்போது. முழுச் சுமையோடு நீண்ட மலையேற்றம், கடும் வெயிலில் ஏசி ஓட நகராத நெரிசல். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கூலன்ட் தலையில்தான் விழுகிறது.

அந்த வெப்பத்தைச் சுமந்துகொண்டு போவதில் வெறும் தண்ணீரை மிஞ்ச, காரில் ஊற்றக்கூடிய எந்தத் திரவமும் இல்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். கூலன்டில் தண்ணீரோடு கலக்கும் எத்திலீன் கிளைக்காலுக்கு 2.4 கிலோஜூல் போதும். பாதிக்குப் பாதி கலந்தால் 3.3-ஐ ஒட்டி வரும். கிளைக்கால் வெப்பத்தைக் கடத்துவதிலும் பின்தங்கியது, பிசுபிசுப்பும் அதிகம். ஆக, நாம் காசு கொடுத்து வாங்கும் கூலன்ட், குளிர்விப்பதில் தண்ணீரைவிட ஒரு படி குறைவுதான்.

பிறகு எதற்குக் கலக்கிறோம்? தண்ணீர் 0 டிகிரியில் உறைந்து இன்ஜின் பிளாக்கையே பிளக்கும், 100-ல் கொதிக்கும், எந்நேரமும் உலோகத்தை அரிக்கும். பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: கலக்காத கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும். எனவே ‘கெட்டியாக ஊற்றினால் நல்லது’ என்று தண்ணீரே சேர்க்காமல் ஊற்றுபவர்களுக்கு இரண்டு பக்கமும் நட்டம். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான இன்ஜின்களின் தொடக்க வகைகள் வெறும் கிளைக்காலில்தான் ஓடின. கொதிநிலை 197 டிகிரி என்பதால் ரேடியேட்டரைச் சிறிதாக வைக்கலாம் என்பது கணக்கு. பின்னாளில் 70 பங்கு தண்ணீர், 30 பங்கு கிளைக்கால் என்று மாறி, அந்தக் கலவையை அழுத்தத்தில் வைத்து ஓட்டினார்கள்.

அந்த அழுத்தத்தைத்தான் நம் காரில் ரேடியேட்டர் மூடி தருகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் சுமார் ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி இருந்தால், வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கலவை 129 வரை தாக்குப்பிடிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துபோனால் என்ன விலை கொடுத்து வாங்கிய கூலன்டும் முன்கூட்டியே கொதிக்கும். சூடான இன்ஜினில் மூடியைத் திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிப்பதும் இதனால்தான். அழுத்தம் போன அந்த நொடியே உள்ளே இருப்பதெல்லாம் ஒரே மூச்சில் கொதிக்கும்.

கொதிப்பு முழுக்கக் கெட்டதும் இல்லை. இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய இடங்களில், கூலன்ட் சராசரியாக 95 டிகிரியில் இருந்தாலும் உலோகத்தைத் தொடும் மெல்லிய அடுக்கு கொதித்துக்கொண்டிருக்கும். பொடிப்பொடியாகக் குமிழிகள் எழும்பி, வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஓடும் கூலன்டில் கரைந்து மறையும். இது நல்ல குளிர்விப்பு. சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீராவிப் போர்வையாகிவிடும். நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் தெளித்த தண்ணீர்த்துளி உடனே ஆவியாகாமல் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். துளிக்கும் சட்டிக்கும் நடுவே ஆவி புகுந்துகொண்டதன் விளைவு அது. இன்ஜினுக்குள் அப்படி நடந்தால் அந்த இடத்தில் உலோகம் தீய்ந்து, ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போகும்.

‘வாட்டர் வெட்டர்’ வகைச் சேர்மானங்களின் வேலை இங்கேதான். இவை ஒருவிதச் சோப்புத்தன்மை கொண்டவை. தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, உலோகத்தோடு அது நன்றாக ஒட்டிப் பரவவும், குமிழிகள் பெரிதாகுமுன் விடுபடவும் உதவுகின்றன. பந்தய மைதானங்களில் சிந்தினால் வழுக்கும் என்று கிளைக்காலுக்குப் பல போட்டிகளில் தடை உண்டு. வெறும் தண்ணீரில் ஓடும் அந்தக் கார்களுக்கு இந்தச் சேர்மானம் பொருத்தம். பாதி கிளைக்கால் உள்ள உங்கள் காரில் பலன் சுருங்கிவிடும், ஏனென்றால் கிளைக்காலே பரப்பு இழுவிசையைக் கொஞ்சம் குறைத்துத்தான் வைத்திருக்கிறது.

என்னைக் கேட்டால், கூலன்ட் டப்பாவில் காசு கொடுக்கத் தகுந்த பொருள் அதில் சிறிதளவே இருக்கும் அரிப்புத் தடுப்பான்தான். அலுமினியம், வார்ப்பிரும்பு, சில கார்களில் செம்பு, எல்லாம் ஒரே தண்ணீரில் நனைந்து நின்றால் அது பேட்டரி மாதிரி வேலை செய்து, ஒரு உலோகத்தைத் தின்னத் தொடங்கும். பழைய வகைத் தடுப்பான், சிலிகேட் உப்புகளால் உள்பக்கம் முழுக்கப் பூச்சுப் பூசும். வேகமாகத் தீர்ந்துவிடும் என்பதால் இரண்டு ஆண்டு வாக்கில் மாற்றியாக வேண்டும். கரிம அமில வகை, அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் ஐந்து ஆண்டு வரைகூட வரும். இரண்டையும் கலந்தால் கூழாகத் திரியவும் வாய்ப்புண்டு. பச்சை, சிவப்பு, நீலம் என்பதெல்லாம் வெறும் சாயம். நிறத்தை நம்பாமல் கார்க் கையேட்டில் சொன்ன வகையைப் பார்ப்பதே சரி.

தண்ணீர் சேர்ப்பதானால் டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீரின் கால்சியம், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதுபோல ஹெட்டின் உள்ளேயும் படியும். அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தோடு ஒப்பிடவே முடியாத அளவு மந்தம். கலந்தே விற்கும் கூலன்டில் மறுபடி தண்ணீர் ஊற்றுவதும் தவறு. கிளைக்கால் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அரிப்புத் தடுப்பானும் போதாமல் போய்விடும்.

தண்ணீரே இல்லாத கூலன்ட் என்றும் ஒன்று உண்டு. 180 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும், அழுத்தம் தேவையில்லை, துருவும் இல்லை. ஆனால் வெப்பம் சுமக்கும் திறன் குறைவு என்பதால் இன்ஜின் முன்பைவிடச் சூடாகத்தான் ஓடும். கசிவடைக்கும் திரவங்களைப் பற்றி ஒரே வார்த்தை: ஓட்டையோடு சேர்த்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கக்கூடியவை.

சரி, முள் நிஜமாகவே ஏறுகிறது. நெரிசலில் ஏறி, சாலை விட்டதும் இறங்கினால் ஃபேனைப் பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்தில்தான் ஏறுகிறதென்றால், காற்று தாராளமாகக் கிடைத்தும் போதவில்லை என்று பொருள். ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் ஹோஸ் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். வெளியே ஒரு சொட்டும் கசியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, டேங்கில் குமிழியும் விட்டால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகப்படலாம். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடச் சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. பல இன்ஜின்களில் அதே தெர்மோஸ்டாட்தான் ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் குறுக்குப் பாதையையும் அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஒரு பகுதி கூலன்ட் ஆறாமலே திரும்ப இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கும், சுமை ஏறும்போது முள்ளும் ஏறும்.